கம்சாயினியின் வீடு

கம்சாயினியின் விலை: இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி, பின்பக்கத்தில் கதவு சரியாகச் சாத்தாத கக்கூஸ் ஒன்று. மேலே கூரைச் சீற், கீழே சீமெந்து.

கல்லடிக் கரையில் கடல் ஏறி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, கம்சாயினி என்ற பதினேழு வயதுப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனது கடல். வீட்டைக் கட்டிக் கொடுத்தது வெளிநாட்டு நிறுவனம் ஒன்று. எடுத்தவர் ஒருவர், கொடுத்தவர் வேறொருவர் என்றால் அதை எந்த முதலாளியும் வியாபாரம் என்று ஒப்புக்கொள்ளமாட்டான். ஆனாலும் திறப்பு விழாவன்று அயல் பெண்கள் தாய் கண்ணகையின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ட மூத்தவள்ட பேர்ல வந்த வீடு கா..." என்றுதான் அழுதார்கள். திராய்மடுவில் வரிசையாக நின்ற வீடுகளுக்கெல்லாம் இலக்கம் இருந்தது. இந்த ஒன்றுக்கு மட்டும் பெயரும் இருந்தது. இளையவள் பிரஷாந்தி வைத்த பெயர்: அக்கா வீடு.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து குடியேறுவான். தாய் வீட்டை மகளிடம் விட்டுவிட்டுப் பின்னால் ஒரு கொட்டிலைப் போட்டு ஒதுங்குவாள். புருசன் வினாயகமூர்த்தியை எப்போதோ பறிகொடுத்த கண்ணகையும், பிரஷாந்தியைக் குகநேசனுக்குக் கட்டிக்கொடுத்த கையோடு கிடுகுக் கொட்டிலுக்கு ஒதுங்கினாள். அங்கேயே இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தாள். ஒன்றை மட்டும் செய்யவில்லை. காணிப் பெமிட்டில், அரசாங்கம் தந்த அந்த அனுமதிப் பத்திரத்தில், மகளின் பெயரைப் பதிந்து கொடுக்கவில்லை. "வாற மாசம், மகள்" என்பாள். அந்த மாசம் வருவதாக இல்லை.

யுத்தம் முடிந்துவிட்டது என்று வெடி கொளுத்தி மூன்று மாதம் ஆகியிருந்த ஒரு காலை. முதல் தட்டு இடியப்பம் வேகுமுன்னே, மாங்கேணி பஸ்ஸில் வந்து இறங்கினாள் குகநேசனின் தாய் ஆச்சிப்பிள்ளை. கருவாட்டு வியாபாரி. கருவாட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகாமலே அது பழசா புதுசா என்று சொல்லுவாள். மனிதர்கள் சொல்லும் பொய்க்கும் அதே மூக்குத்தான்.

"இஞ்ச பாருங்க மச்சாள், நான் சண்டைக்கு வரல்ல. பெமிட்டக் காட்டுங்க. ஒருக்காப் பாத்துப்போட்டு அடுத்த பஸ்ஸில போறன்."

"இருங்க மச்சாள்... முதல்ல ஒரு பிளேன்ரி..."

"ரீ வேணாம். பெமிட்டு!"

கண்ணகை இடியப்ப உரலை இறுக்கிப் பிடித்தாள். "அது... பத்திரமா இரிக்கு."

"எங்க பத்திரமா இரிக்கு? வவுணதீவில தம்பியார்ட வீட்டிலயா? உங்கட தம்பிக்கு உழவு மெசின் எடுக்க ஈடு வெச்சிட்டீங்களாமே! சந்தையில மீன் விக்கிறவள் சொல்றாள், என்ட காதுக்கு! என்ட மகன் கட்டாருல வெயில்ல கிடந்து கருகுறான். தாய்ட தொடைக்கு ஒபரேசன் எண்டதும் லட்சக்கணக்கில அனுப்பினவன் அவன். அப்புடிப்பட்ட புள்ளைக்குக் குடுத்த வீட்ட, திரும்பக் களவாக் கொண்டுபோய்..."

"களவெண்டு சொல்லாதீங்க மச்சாள்..."

"வேற என்னத்தச் சொல்ற?"

விறாந்தைக் கதவு திறந்தது. பிரஷாந்தி ஏழு மாத வயிற்றோடு நின்றாள். கையில் துணி அடைத்த பை. முகம் அழுது வீங்கியிருந்தது.

"அம்மா... மாமி கேக்கிறதுக்குப் பதில சொல்லுங்க. அக்காட வீட்ட ஈடு வெச்சீங்களா இல்லையா?"

கண்ணகை மகளின் பைக்குக் கை நீட்டினாள். பிரஷாந்தி அதைப் பின்னுக்கு இழுத்தாள்.

"அக்காவ ஒருக்காக் கடல் கொண்டு போச்சு..." பிரஷாந்தியின் குரல் உடைந்தது. "ரெண்டாந்தரம் நீங்களா அம்மா கொண்டு போறீங்க?"

அடுப்பில் இடியப்பத் தட்டு வெந்து தண்ணீர் வற்றிக் கருகியது. கண்ணகை அதை இறக்கவில்லை. மகள் செருப்பை மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடல் அவளுக்கு விட்டுவைத்திருந்தது இந்த ஒருத்தியை மட்டுந்தான். அவளும் படியிறங்கிவிட்டால் அந்த இரண்டு அறைக்குள்ளே யாரை வைத்துப் பூட்டுவது?

சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். ஆனால் அந்த வசனத்தைச் சொல்வதில்லை என்று ஒருவருக்கு வாக்கும் இன்னொருவருக்குச் சத்தியமும் அவள் கொடுத்திருந்தாள்.

மாசி மாதம் நடந்தது அது. வாகரைப் பக்கச் சனம் செல் வீச்சுக்குத் தப்பி ஓடிவந்தபோது ஆச்சிப்பிள்ளையின் தொடையில் புகுந்த இரும்புத் துண்டு ஒன்று, இரண்டு வருடம் சும்மா கிடந்துவிட்டுத் திடீரென்று சீழ் கட்டியது. இலவச ஆஸ்பத்திரி இருக்கத்தான் செய்தது. ஆனால் உடம்புக்குள்ளே இரும்பு இருக்கிற ஆளைப் பார்த்தால் 'இது எப்படி வந்தது, எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய்' என்று யாராவது விசாரிப்பார்களோ என்று சனம் பயந்து நடுங்கிய காலம். கண்ணகையும் பயந்தாள். காய்ச்சலில் பிதற்றிய சம்பந்தியை ஓட்டோவில் ஏற்றி, ரவுணில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். காசு எங்கே?

கட்டாருக்குப் போன் எடுத்தாள். தைப்பொங்கலுக்கு லீவில் வந்துவிட்டுத் திரும்பியிருந்த மருமகன் அழுதான். "மாமி, கொம்பனிக்காரன் சம்பளமே தாறானில்ல... நான் அனுப்புறதெல்லாம் கடன் வாங்கித்தான். அம்மாட்டச் சொல்லிராதீங்க மாமி... செத்துப்போவா." இங்கே கட்டிலில் கிடந்தவள் கண் விழித்ததும் கேட்டது: "இது என்ட மகன்ட காசுதானே? சம்பந்தி வீட்டுக் காசெண்டாச் சொல்லுங்க, இந்தச் சேலைன் வயரப் புடுங்கி எறிஞ்சிட்டு மாங்கேணிக்கு நடந்து போவன்!"

"உங்கட மகன்தான் அனுப்பினவர் மச்சாள். சத்தியமா."

பொய்ச் சத்தியம். இரண்டு பேரையும் ஒரே பொய்யால் காப்பாற்றியாகிவிட்டது, மலிவுதான் என்று நினைத்தாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொன்ன பிறகும் காசாளர் விடவில்லை. பில் கட்டும்வரை ஆள் கட்டிலில்தான். கண்ணகைக்கு அது நியாயமாகவே பட்டது! வாழ்நாள் முழுக்க அடகுக்கடைப் படி ஏறி இறங்கியவள் அவள். பொருளை மீட்கக் காசு வேண்டும். காசில்லையென்றால் அதற்கு ஈடாக வேறு பொருள் வைக்க வேண்டும். தோட்டை வைத்துச் சங்கிலியை மீட்டதுபோல, பெமிட்டை வைத்து ஆச்சிப்பிள்ளையை மீட்டாள். 'மனுசரை ஈட்டுக்குப் பிடித்து வைக்க நீங்கள் யார்' என்று கேட்கலாம் என்பதே அவளுக்குத் தெரியாது.

பிரஷாந்தி படியில் கால் வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து வேலியோரம் நின்றது. கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் ஒரு தோல் பை. ஆஸ்பத்திரிக் கணக்குப் பகுதிப் பையன் பிறின்ஸ். இந்த மாதத் தவணை தவறிவிட்டது. பிரஷாந்தியின் சத்து மாவுக்கும் ஸ்கானுக்கும் அந்தக் காசு போயிருந்தது.

"அம்மா, குறை நினைக்காதீங்க... மனேச்சர்தான் அனுப்பினவர். ஆச்சிப்பிள்ளை எண்ட நோயாளிட பில்..."

"ஆச்சிப்பிள்ளை நான்தான்," என்றாள் கருவாட்டுக்காரி நிமிர்ந்து. "என்ட பில்ல என்ட மகன் கட்டிட்டான்."

பிறின்ஸ் கண்ணகையைப் பார்த்தான். கண்ணகை கையெடுத்துக் கும்பிட்டாள், வேண்டாம் தம்பி என்பதுபோல. அந்தக் கும்பிடு போதுமாயிருந்தது. கெட்ட கருவாடு எங்கே கிடக்கிறதென்று ஆச்சிப்பிள்ளையின் மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

"மனே, நீ என்னப் பாத்துக் கதை. ஆரு கட்டுற?"

"இவங்கதான்... மாசாமாசம் கொண்டு வாறவங்க. மிச்சத்துக்கு வீட்டுப் பெமிட்ட வெச்சிரிக்காங்க."

பிரஷாந்தியின் கையிலிருந்து பை விழுந்தது.

ஆச்சிப்பிள்ளை தொடையைச் சேலையோடு சேர்த்து ஒரு கையால் பொத்திக்கொண்டாள், அதைக் களவாக எடுத்து வந்தவள்போல. பிறகு மெதுவாகக் கேட்டாள். "என்ட தொடைக்கா மச்சாள்? உங்கட செத்த புள்ளைட வீட்டையா வெச்சீங்க?... நான் உங்களக் களவெண்டு சொன்னனே! சந்தையெல்லாம் நிண்டு சொன்னனே... என்ட வாய் அழுகிப்போக!"

"அப்புடிச் சொல்லாதீங்க மச்சாள். நீங்கதான் சேலைன் வயரப் புடுங்குவன் எண்டீங்களே..."

"புடுங்கியிருப்பன்தான்!" என்று கத்திவிட்டு, அந்த இடத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பிரஷாந்தி படியிலிருந்து கிறுகித் திரும்பி வந்தாள். வயிறு குறுக்கே நிற்க, தாயின் கழுத்தைச் சரியாகக் கட்டிக்கொள்ள முடியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து தோளில் முகத்தைப் புதைத்தாள். "ஏனம்மா எனக்கிட்டயாச்சும் சொல்லல்ல... நான் சொன்ன சொல்லு... அக்கா கேட்டிருந்தா என்ன நினைப்பாள்..."

"அவள் கேக்கமாட்டாள் மகள். அந்தளவு தூரத்துக்கெல்லாம் கேக்காது," என்றாள் கண்ணகை. மகளின் முதுகைத் தடவிய கையில் அரிசி மா ஒட்டியிருந்தது.

பிறின்ஸுக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. ஆச்சிப்பிள்ளை மூக்கைச் சிந்திவிட்டு அவனைப் பிடித்தாள்.

"மனே, அந்தப் பெமிட்ட உங்கட மனேச்சர் விக்கலாமா?"

"ஏலா அம்மா. விக்கவோ ஈடு வெக்கவோ ஏலாதெண்டு அதிலயே அடிச்சிரிக்கு."

"விக்க ஏலாத சாமான எந்த மடையன் ஈட்டுக்கு எடுப்பான்?"

அவன் தரையைப் பார்த்தான். "அது... உங்களப் பயங்காட்டத்தான். நான் சொன்னதெண்டு சொல்லிராதீங்க. பில்ல வரி வரியாப் பிரிச்சுக் கேளுங்க, தரத்தான் வேணும். இல்லாத சனத்துக்கெண்டு பெரிய டொக்டர் தருமக் கணக்கொண்டும் வெச்சிரிக்கார். கிராம சேவகர் ஜீ.எஸ்ஸிட்ட வருமானக் கடிதம் எடுத்துக் குடுத்தாச் சரி."

"அதை வாசல்ல போர்டில எழுதி மாட்டினா என்ன?"

"மாட்டினாக் கேப்பாங்களே அம்மா."

மறுவாரம் ஜீ.எஸ்ஸின் கடிதத்தோடு இரண்டு சம்பந்திமாரும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்ணகை வெள்ளைச் சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு பின்னால் நின்றாள். ஆச்சிப்பிள்ளை காசு கட்டும் கவுண்டருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பில்லின் ஒவ்வொரு வரியையும் மனேச்சரைக்கொண்டே வாசிப்பித்தாள்.

"ஏசி அறையா? ஐயா, நான் கிடந்த இடத்தில தலைக்கு மேல இருந்த ஃபேனே சுத்தயில்ல. அதுக்கு ஏசி விலையா?"

அந்த வரி வெட்டப்பட்டது.

"மறுகா இது என்ன, கடைசியாக் கட்டில் வாடகை? டொக்டர் போகச் சொன்னதுக்குப் பிறகு நான் என்னத்துக்குக் கிடந்தன்?"

"பில் கட்டாதபடியால்..."

"அப்ப மறிச்சு வெச்சது நீங்க! என்ட வள்ளத்த நீ மறிச்சுக் கட்டி வெச்சிட்டு, கரைக்கு வாடகையையும் என்னட்டயே கேக்கிறதா? கருவாட்ட வெச்சுக் காசு கேக்கலாம் ஐயா. காசில்லையெண்டு கருவாடு வாங்க வந்த மனுசிய எங்கட சந்தையில கூடக் கட்டி வெக்கிறதில்ல."

வரிசையில் நின்ற நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் தன் பில்லை விரித்துப் பார்க்கத் தொடங்கினார். அதைக் கண்ட மனேச்சர், ஐயோ அம்மா உள்ளே வந்து கதையுங்கள் என்று அறைக்குக் கூப்பிட்டார்.

வெளியே வந்தபோது பெமிட் கண்ணகையின் கையில் இருந்தது. மூலைகள் மடிந்து, மேலே ஒரு தேத்தண்ணீர் வட்டம். அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். வட்டம் போகவில்லை.

"திராய்மடு பஸ் அந்தப் பக்கம் மச்சாள்," என்றாள் ஆச்சிப்பிள்ளை.

"நான் கல்லடிக்குப் போகணும்."

கடல் வந்து போனதற்குப் பிறகு அவள் அந்தக் கரையை மிதித்ததில்லை. இருவரும் பாலம் கடந்து மணலில் போய் இருந்தார்கள். மத்தியான வெயிலில் கடல், ஒன்றும் அறியாத பிள்ளையைப்போல, காலடியில் விளையாடிக்கொண்டிருந்தது.

பேசாமல் இருக்கத் தெரியாத ஆச்சிப்பிள்ளை விரலை மடக்கத் தொடங்கினாள். "மொத்தம் ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். நீங்க இடியப்பம் அவிச்சுக் கட்டினது அம்பத்தி நாலாயிரம். ஏசிக்கு முப்பத்தாறு வெட்டியாச்சு. மறிச்சு வெச்ச கட்டிலுக்குப் பதினெட்டு வெட்டியாச்சு. தருமக் கணக்கில எழுவத்திரெண்டு. மிச்சம் அறுவதாயிரம். மாசம் ரெண்டாயிரம், ஈடில்லாம. அத நான் கட்டுவன், நீங்க தொட வேணாம். உங்கட அம்பத்தி நாலையும் கருவாடு வித்துத் தருவன். என்ட மகனுக்கும் சொல்லிட்டன், கடன் வாங்கி ஒண்டும் அனுப்பாத எண்டு." குரல் தாழ்ந்தது. "உங்களக் களவெண்டு சொன்னனே, அதுக்கு எவ்வளவெண்டு போடுறதெண்டுதான் தெரியல்ல மச்சாள்..."

கண்ணகை அவள் விரல்களைப் பிடித்து மெதுவாக விரித்துவிட்டாள். "அத எழுதாதீங்க. அது தீர்ந்திட்டுது."

பிறகு பெமிட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளும் ஒரு பில்லைப் பிரித்துக் கேட்டாள், வாய்க்குள்ளேயே, ஒவ்வொரு வரியாக.

வந்தது: இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. வரவில் பதியலாம். கூடவே ஒரு சம்பந்தி. அதையும் பதியலாம். ஐப்பசியில் ஒரு பேரப்பிள்ளை.

வரவேண்டியது: ஒரு பிள்ளை. வயது பதினேழு. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனது.

பாக்கி.