பெரிய வியாழனில் கழுவிய பாதம்

ஆகஸ்ட் மாதத்தின் ஒரு காலையில், ஜோசலின் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். சமையலறை வாசலில் அது கைநழுவிச் சாய்ந்தது. அதன் விளிம்பு, பள்ளி ஆசிரியரான கணவர் ஜெபசீலனின் இடது கால் பெருவிரலில் பட்டது.

"இன்னொரு காலும் இருக்கு ஜோ. அடுத்த சிலிண்டருக்கு அது," என்றார் அவர், விரலைப் பிடித்துக்கொண்டு. இருவரும் சிரித்தார்கள்.

நகத்தடியில் இருந்த கறுப்பை ரத்தக்கட்டு என்றார் டாக்டர். அது அக்ரல் மெலனோமா என்ற அரிய தோல் புற்றுநோய் என்று தெரிந்தபோது, நோய் நுரையீரலை எட்டியிருந்தது.

அவர் இறந்து ஒரு வருடம் முடியும் தறுவாயில், ஜோசலின் கிழக்குத் தாம்பரத்தில் ஹேமாவதியின் வீட்டுக்கு வந்தாள். ஹேமாவதி போலீஸ் விரல்ரேகைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; இப்போது தேடி வருபவர்களின் சிக்கல்களைத் துப்பறிந்து சொல்கிறார். வீட்டு உரிமையாளர் லோகநாதன், யார் வழக்கோடு வந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"கொலை கேஸாம்மா?" என்றார் ஆவலாக.

"அப்படித்தான் சொல்றாங்க சார். கொன்னது நான்னு."

ஜெபசீலனின் தங்கை எப்சி, சிலிண்டர் பட்ட அடிதான் புற்றுநோயானது என்று ஊரெல்லாம் சொல்லிவருகிறாள். மகள் ஏஞ்சல் அதை நம்பி, அத்தை வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

"நாளைக்கு நினைவு நாள் ஆராதனை. என் பக்கத்துல உட்கார மாட்டாளாம். எனக்கு ஆறுதல் வேணாம் மேடம். நான்தான் காரணம்னா என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. இல்லேன்னா அவ முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

"அடிபட்டுச்சு, ரத்தம் கட்டிச்சு, அது அப்படியே..." என்று தொடங்கிய லோகநாதன், ஜோசலினைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

"லோகநாதன், நகத்துல மருதாணி வெச்சா நாளாக ஆக என்ன ஆகும்?" என்று கேட்டார் ஹேமாவதி.

"நகம் வளந்துகினே இருக்கும்ல மேடம், செவப்பு நுனிக்குப் போயிடும். அடியில வெள்ளையா வரும். எங்க வூட்டம்மா கையில இப்போகூட அப்படித்தான் கீது."

"ரத்தக்கட்டும் அப்படித்தான் நகரும். ஜோசலின், அந்தக் கறுப்பு நகர்ந்துதா?"

"இல்ல மேடம். வேர்லேருந்து நுனி வரைக்கும் ஒரே கோடு. அப்புறம் நகத்தைச் சுத்தின தோலும் கறுத்துடுச்சு."

"அப்போ அது வெறும் ரத்தக்கட்டு இல்ல. எப்போ வந்துச்சுன்னு பார்க்கணும்."

மாலையில் மூவரும் எப்சியின் வீட்டுக்குப் போனார்கள். ஏஞ்சல் உள்அறைக் கதவருகே நின்றாள்.

"போலீஸையே கூட்டிட்டு வந்துட்டீங்களா அண்ணி?" என்றாள் எப்சி. "சிலிண்டர் படுறதுக்கு முன்னாடி என் அண்ணன் கால் பீங்கான் தட்டு மாதிரி இருக்கும். நானே தேய்ச்சுக் கழுவியிருக்கேன்."

"எதுக்குக் கழுவினீங்க?" என்று கேட்டார் ஹேமாவதி.

"புனித வெள்ளிக்கு முந்தின நாள், பெரிய வியாழன் ஆராதனையில, இயேசு சீஷருக்குச் செஞ்ச மாதிரி ஆயர் பன்னிரண்டு பேரோட பாதத்தைக் கழுவுவார். சிலிண்டர் பட்ட அந்த வருஷம் அண்ணனையும் கூப்பிட்டாங்க. அழுக்குக் காலை ஆயர் கையில குடுக்க முடியுமா? எல்லாரும் வீட்டுலயே கழுவிட்டுத்தான் போவாங்க."

"கழுவுன காலையே மறுபடி கழுவுறாரா?" என்றார் லோகநாதன்.

ஹேமாவதி எழுந்து சுவரருகே சென்றார். சபையின் பழைய காலண்டர் அங்கே தொங்கியது. வெள்ளிப் பாத்திரத்தின் மேல் இரண்டு பாதங்கள்; அடியில் ஜெபசீலனின் பெயர்.

"இது எப்போ எடுத்தது?"

"அந்தப் பெரிய வியாழன்தான். ஏப்ரல். அதுக்கப்புறம் அண்ணன் போகல."

ஹேமாவதி பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஏஞ்சலிடம் நீட்டினார். "இடது பெருவிரலைப் பாரும்மா."

ஏஞ்சல் வெகுநேரம் பார்த்தாள். "கறுப்புக் கோடு இருக்கு," என்றாள் மெதுவாக.

"சிலிண்டர் பட்டது ஆகஸ்ட்ல. கோடு ஏப்ரல்லயே இருக்கு. இந்த நோய் ஏன் வருதுன்னு டாக்டர்களுக்கே முழுசாத் தெரியல. வெயில் படாத உள்ளங்கால்லயும் வரும், நகத்தடியிலயும் வரும். ஆனா உங்கம்மா கைநழுவுறதுக்கு முன்னாடியே அது வந்தாச்சு." ஹேமாவதி திரும்பினார். "படத்துல அந்த நகத்தைச் சுத்தி மட்டும் தோல் சிவந்திருக்கு. எதைப் போட்டுத் தேய்ச்சீங்க, எப்சி?"

எப்சி உட்கார்ந்துவிட்டாள். "எலுமிச்சம்பழம். அப்புறம் பல் பிரஷ். போகவே இல்ல. ஸ்கூல் மார்க்கர் மைன்னு அண்ணன் சொன்னான், நானும் விட்டுட்டேன். என்ன நோய்னு தெரிஞ்சதும்... சிலிண்டராத்தான் இருக்கணும்னு தோணிச்சு."

"அப்போ குற்றவாளி இவங்களா மேடம்?" என்றார் லோகநாதன்.

"இல்ல," என்றாள் ஜோசலின். அவள் குரலில் இரக்கம் இல்லை. "என் தலையிலேருந்து இறக்கி இவ தலையில வைக்க நான் வரல. மைன்னு அவர் சொன்னார், ரத்தக்கட்டுன்னு டாக்டர் சொன்னார், நானும் தலையாட்டினேன். நாளைக்கு ஆராதனையில நான் பேசுவேன். நோயோட பேரைச் சொல்லுவேன். செருப்பை வாசல்ல விட்டுட்டுத்தானே வந்திருக்கீங்க, குனிஞ்சு உங்க நகத்தைப் பாருங்க, உள்ளங்காலைப் பாருங்கன்னு சொல்லுவேன். தேய்ச்சும் போகாத கறுப்பு இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. ரத்தக்கட்டுன்னு சொல்லி அனுப்பினா, சதையை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லி அங்கேயே உட்காருங்கன்னு சொல்லுவேன்."

"நினைவு ஆராதனையிலயா அண்ணி? ஆயர் ஒத்துக்க மாட்டார்."

"அவர் காலையும் பார்க்கச் சொல்லுவேன்."

ஏஞ்சல் உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். பூதக்கண்ணாடி இன்னும் அவள் கையில் இருந்தது. ஹேமாவதி அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

அம்மாவோடு ராஜகீழ்ப்பாக்கத்தில் தங்கள் வீட்டுக்கு வந்ததும் ஏஞ்சல் நேராகச் சமையலறைக்குப் போனாள். வாசலில், சிலிண்டர் சாய்ந்த இடத்தில், டைல்ஸின் மூலை உடைந்தபடியே இருந்தது. சிலிண்டர் உடைத்தது அதை மட்டும்தான்.