ஒன்றாம் எண் வழுக்கல்

சக்கரம் வழுக்காமல் தடுக்கும் பிடிமானி இல்லாத பைக்கைப் பந்தயத் தளத்தில் ஓட்டக்கூடாது என்ற தடை வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் கோவைத் தளத்தில் ஒருவரும் விழவில்லை. ஆம்புலன்ஸ் நின்ற இடத்தில் இளநீர்க் கடை வந்துவிட்டது.

தமயந்திக்கு ஐம்பத்து நான்கு வயது. முன்னாள் பந்தய வீராங்கனை. பிடிமானியை உருவாக்கியபோது சோதனை ஓட்டம் ஓட்டியவள். அடுத்த மாதம் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை; அப்புறம் பைக்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் கடைசியாக ஒருமுறை ஓட்ட வந்திருந்தாள்.

அந்நாளில் அவளுக்கு மெக்கானிக்காக இருந்த பெனடிக்ட் வண்டியின் திரையில் பிடிமானி அளவைத் திறந்தார்.

"எத்தனையில வெக்கட்டுங்க அம்மிணி?"

"பூஜ்யத்துல வைங்கண்ணா."

"பூஜ்யத்த எடுத்துப்போட்டாங்க. ஒண்ணு இருக்குது."

வளைவில் சாய்ந்தபடி ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் பின்சக்கரம் வழுக்கப் பார்க்கும். பிடிமானி அதை முன்பே உணர்ந்து எஞ்சினை அடக்கிவிடும். பத்தில் வைத்தால் துளியும் வழுக்காது. ஒன்றில் வைத்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அந்தக் கொஞ்சம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

மூன்றாவது சுற்றில் அது வந்தது. பின்சக்கரம் ஒரு சாண் வெளியே நழுவியது. இடுப்பு முதலில் உணர்ந்தது, கை பிறகு தளர்ந்தது. வண்டி ஒருமுறை உதறி நேரானது. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்தாள். இருபத்தேழு வயதில் இப்படித்தான் இருந்தது.

திரும்பி வந்தவளிடம் பெனடிக்ட் திரையில் ஓட்டப் பதிவைக் காட்டத் தயங்கினார். அவளே எட்டிப் பார்த்தாள். பின்சக்கரத்தின் வழுக்கலைக் காட்டும் கோடு நேராக இருந்தது.

"வழுக்கவே இல்லியாண்ணா?"

"இல்லீங்க. சீட்டையும் கைப்பிடியையும் மட்டும் ஆட்டிவிடும். ஒண்ணுக்கு இப்ப அதுதான் அர்த்தம்."

"எனக்கு அச்சு அசலா இருந்துச்சே."

"இருக்காதுங்களா? நீங்க சோதனை ஓட்டத்துல வழுக்குனதுதான் அது. அந்தப் பதிவத்தான் எல்லா வண்டியிலயும் போட்டிருக்காங்க."

அவள் கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். அப்போது இன்னொரு பைக் உள்ளே வந்தது. ஓட்டியவர் பொள்ளாச்சியில் பல் டாக்டர், நாற்பதைத் தாண்டியவர். இறங்கும்போது முகம் மலர்ந்திருந்தது.

"மேடம், இன்னிக்கு வழுக்குச்சுங்க. ஆறு வருசமா வர்றேன், இன்னிக்குத்தான் ஒண்ணுல வெச்சு நானா புடிச்சேன்."

பெனடிக்ட் தலை குனிந்துகொண்டார்.

"எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டாள் தமயந்தி.

அவர் சொல்லச் சொல்லக் கேட்டாள். இடுப்பு முதலில், கை பிறகு, கடைசியில் அந்த ஓர் உதறல். அவளுக்கு வந்ததில் ஒன்றுகூடக் குறையவில்லை.

"உங்களுக்கும் அந்தக் காலத்துல இப்படித்தாங்களா?"

"ஆமாங்க. அப்படியேதான்," என்றாள்.