ஏழாவது போர்ட்

அறையிலிருந்த தொலைபேசி, மாடித் தொலைபேசி, தன் லேப்டாப் ஆகிய மூன்றுக்கும் போகிற கேபிள்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கிய பிறகும், ரவுட்டரில் கேபிள் சொருகும் ஏழாவது போர்ட்டில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. சீராகச் சிமிட்டியிருந்தால் பழைய பெட்டி, பழைய கோளாறு என்று விட்டிருப்பான். இதுவோ படபடவென்று அடித்துக்கொண்டது, ஓய்ந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். காலி செய்யப்படும் அலுவலகத்தில் கடைசியாக மிச்சமிருந்தது ஜன்னலில்லாத இந்த அறையும் இந்தப் பெட்டியும்தான். கணினிச் சாதனங்களைக் கழற்றியெடுக்கும் இந்த வேலையில் அவனுக்குக் கூட்டாளி மனைவியின் அண்ணன். அவர் மாடியில் இருந்தார். செல்போனுக்கு இங்கே சிக்னல் கிடையாது. அறைத் தொலைபேசியில் அழைத்தான்.

"மச்சான், ஏழாவது போர்ட்ல ஒண்ணுமே சொருகல. ஆனா லைட் எரியுது."

"உன்னப் பாத்துக் கண்ணடிக்குது மாப்ள. கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லிடு."

"பொண்டாட்டிக்கு எட்டு மாசம்னும் சொல்லிடறேன்."

"சீக்கிரம் முடி. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு தங்கச்சி காத்திட்டிருக்கா. கதவுக்கு நாற்காலி போட்டியா?"

போட்டிருந்தான். கதவின் கைரேகைப் பூட்டு இந்த ரவுட்டரின் பேச்சைத்தான் கேட்கும். ரவுட்டர் அணைந்தால் உள்ளே இருப்பவன் உள்ளேதான். அதனால் அணைக்கும் முன் கதவிடுக்கில் ஒரு நாற்காலி. இவர்கள் தொழிலில் அதுதான் சாமி கும்பிடுவது.

அடுத்தது பெட்டியின் அமைப்புகளைச் சேமிப்பது. சேமிக்காமல் அணைத்தால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். லேப்டாப்பில் கட்டளையைத் தட்டினான். 'இணைப்பில் இருப்பவர்: ஒருவர். இவரையும் சேர்த்துச் சேமிக்கவா?' என்று திரை கேட்டது. திரை கேட்பதைப் படித்துவிட்டு 'ஆம்' அழுத்துகிற ஆள் இந்தத் தொழிலில் இன்னும் பிறக்கவில்லை. அழுத்தினான். அழுத்திய பிறகு படித்தான். பெட்டி இப்படிக் கேட்டு அவன் பார்த்ததே இல்லை.

ஏழாவது விளக்கு நின்றது.

சூடான பிளாஸ்டிக் வாசனைக்கு அடியில் நாள்பட்ட வியர்வை வாசனை ஒன்று, ரொம்ப நாள் பூட்டிய அறையில் யாரோ இருந்ததுபோல, மெல்ல எழுந்தது. முறைப்படி அணைக்கும் கட்டளையைக் கொடுத்தான். பெட்டிக்குள்ளிருந்த விசிறியின் இரைச்சல் முனகலாகி, முனகல் பெருமூச்சாகி, அடங்கியது. மற்ற விளக்குகளும் போயின. மின்வயரை உருவினான்.

"சேவ் பண்ணிட்டியா மாப்ள?" தோளில் இடுக்கியிருந்த ரிசீவர் கேட்டது.

"பண்ணிட்டேன் மச்சான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இந்தத் தொலைபேசிக்கு மின்சாரமே அந்தப் பெட்டியிலிருந்துதான். அதன் சின்னத் திரை கறுத்துக் கிடந்தது.

"ரொம்ப நல்லது," என்றது ரிசீவர். இந்த முறை அவனுடைய குரலில்.

பின்னால் நாற்காலி தரையில் உரசியது. திரும்ப நினைத்தான். கழுத்து வரவில்லை. கால் வரவில்லை. கதவு மூடியது.

க்ளிக்.

வெளியே மச்சானின் செருப்புச் சத்தம். "முடிஞ்சுதா மாப்ள? உள்ள யார்கிட்ட பேசிட்டிருந்த? மாடி போனைத்தான் காலைலயே கழட்டி லாரில போட்டுட்டேனே!"

"எனக்கு நானே பேசிக்கிட்டேன் மச்சான்." அவன் குரல். அவன் சிரிப்பு. கதவுக்கு அந்தப் பக்கம்.

"சரியான லூசு. வா, தங்கச்சி ரெண்டு தடவ கூப்ட்டுட்டா."

"போலாம். அவளப் பாத்து ரொம்ப நாள் ஆன மாதிரி இருக்கு."

இரண்டு ஜோடிக் கால்கள் நடந்தன. சத்தம் தேய்ந்தது.

கத்தினான். சத்தம் வரவில்லை. மச்சான் என்று கத்தினான். மனைவியின் பெயரைக் கத்தினான். மூச்சு வாங்கினான். மறுபடி கத்தினான்.

வயர் உருவிய பெட்டியில், எதுவும் சொருகாத ஏழாவது போர்ட்டில், பச்சை விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டது. ஓய்ந்தது. மறுபடி அடித்தது.