திரும்பி வராத டிஸ்க்

பந்து ஒன்று இருந்தால் போதும், தனியாகவே விளையாடிவிடலாம். சுவரில் அடித்தால் அதுவே திரும்பி வரும். பிரிஸ்பீ என்று ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதே, அது அப்படி இல்லை. எறிந்தால் போய் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடக்கும். நாம்தான் நடந்து போய் எடுத்துவர வேண்டும்.

இது அறிவுமதிக்கு நன்றாகத் தெரியும். வேங்கிக்காலில் அவர்கள் குடிவந்த வீட்டுக்குப் பின்னால் காலிமனைகள்தான். பள்ளிவிட்டு வந்ததும் அங்கே போவாள். எறிவாள், நடப்பாள், எடுப்பாள், மறுபடியும் எறிவாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு மாலை முழுக்க இதே வேலை.

"எறியறது கம்மி, நடக்கறதுதான் ஜாஸ்தி. இது இன்னா விளையாட்டோ" என்று அம்மா துணி காயப்போட்டபடி அலுத்துக்கொள்வாள்.

அப்பா ராஜமாணிக்கத்துக்குக் கலெக்டர் ஆபீசில் ஜீப் ஓட்டும் வேலை கிடைத்ததால்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து இங்கே வந்தார்கள். அங்கே தெருவில் இறங்கினாலே கபடி ஆட ஆள் இருக்கும். இங்கே பக்கத்து வீடே இன்னும் கட்டி முடியவில்லை.

அப்போதுதான் உண்ணாமலை மகளிர் கிளப் பற்றி அப்பா விசாரித்துக்கொண்டு வந்தார். கிளப்பை நடத்துபவர் ஆதிலட்சுமி அக்கா. ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணிடம் அவர் பிரிஸ்பீ கற்றுக்கொண்டார். பிறகு கல்லூரிப் பெண்களைச் சேர்த்து ஓர் அணியே உண்டாக்கிவிட்டார். சென்னை, பெங்களூர் என்று போய்ப் போட்டிகளில் ஆடிவிட்டு வருவார்கள். அவர்களுக்கு அது பிரிஸ்பீ இல்லை, டிஸ்க்.

சின்னப் பெண்களுக்கும் அங்கே ஐந்து பேர் கொண்ட ஓர் அணி இருந்தது. ஒருத்தி ஓசூருக்குப் போய்விட்டதால் ஓர் இடம் காலி. அறிவுமதி நன்றாக ஓடுவாள் என்றதும் அக்கா உடனே சேர்த்துக்கொண்டார்.

ஓட்டம்தான் வினையாகிப் போயிற்று.

முதல் நாள் டிஸ்க் கைக்கு வந்ததும், அறிவுமதி அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு எடுத்தாள் ஓட்டம். குறுக்கே வந்தவர்களுக்கெல்லாம் கபடியில் போலப் போக்குக் காட்டினாள். ஓரத்தில் கோடு போட்டிருந்த கடைசிக் கட்டத்தையும் தாண்டி, மைதானத்து முள்வேலிக்கிட்டே போய்த்தான் நின்றாள். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

டிஸ்க்கைக் கையில் வைத்திருப்பவர் ஓரடிகூட ஓடக் கூடாது. நின்ற இடத்திலிருந்து அடுத்தவருக்கு எறிய வேண்டும். கடைசிக் கட்டத்துக்குள் நிற்பவர் அதைப் பிடித்தால்தான் புள்ளி. பாவம், அறிவுமதிக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

"ஸ்டாப்பிங்ல நிக்காத கீழ்பென்னாத்தூர் பஸ்" என்று பெயர் வைத்தாள் அணித் தலைவி எழில். எழிலும் அதே ஆறாம் வகுப்புதான், அதே பள்ளிதான். அன்றோடு சரி. அறிவுமதிக்கு யாரும் டிஸ்க்கைப் போடுவதே இல்லை. அவள் ஓடுவாள், கையைத் தூக்குவாள். டிஸ்க் வேறு யாருக்காவது போகும். கையை இறக்கிக்கொள்வாள்.

நான்கு பேருக்கு நடுவில் நின்றுகொண்டு தனியாக இருப்பது, காலிமனையில் தனியாக இருப்பதைவிட வலித்தது. ஆனாலும் காலைப் பயிற்சிக்கு அவள் ஒரு நாளும் மட்டம் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டிக்காக வேலூர் அணி வேனில் வந்து இறங்கியது. இந்தப் போட்டியில் ஜெயிக்கும் அணியைப் பெரிய அக்காக்கள் சென்னைக் கடற்கரைப் போட்டிக்கு அழைத்துப் போவார்கள். எழில் ஒரு வாரமாகக் கடலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின நாள் பௌர்ணமி. கிரிவலம் வந்தவர்களின் பேருந்துகள் மைதானத்தில் நின்று போயிருந்தன. அவர்கள் போட்டுவிட்டுப் போன குப்பையைப் பொறுக்கிவிட்டு, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார்கள்.

இந்த ஆட்டத்தில் ஒருவரை ஒருவர் நிழல்போலத் தொடர வேண்டும். அறிவுமதிக்கு நிழலாக வந்தவள் கீதாஞ்சலி என்ற வேலூர்ப் பெண். அறிவுமதி ஓடிய இடமெல்லாம் அவளும் ஓடினாள். டிஸ்க் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

"உனக்கு யாரும் போட மாட்டாங்களா?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள் கீதாஞ்சலி.

"மாட்டாங்க."

"அப்போ ஏன் இப்டி ஓடுறே? எனக்குக் கால் வலிக்குது."

அறிவுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே குடிவந்த பிறகு அவளோடு முதன்முதலாகப் பேச்சுக்கொடுத்து விளையாடியவள் எதிரணிக்காரியாகப் போய்விட்டாள். இருவரும் ஓடிக்கொண்டே பேசினார்கள். கீதாஞ்சலி வீட்டில் இரண்டு வாத்துகள் இருப்பதுவரை அறிவுமதி தெரிந்துகொண்டாள்.

கடைசியில் இரண்டு அணியும் சமமாக வந்து நின்றன. அடுத்த புள்ளி யாருக்கோ, வெற்றி அவர்களுக்கு. டிஸ்க் எழில் கையில் இருந்தது. மற்ற மூவரையும் வேலூர்ப் பெண்கள் நெருக்கமாக மறித்து நின்றார்கள். கால் வலித்த கீதாஞ்சலி கொஞ்சம் பின்தங்கிவிட, அறிவுமதி மட்டும் கடைசிக் கட்டத்தின் ஓரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லாமல் எழில் அவளுக்கு எறிந்தாள்.

டிஸ்க் சற்று விலகி வந்தது. அறிவுமதி பக்கவாட்டில் பாய்ந்து, இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள்.

அவ்வளவுதான். நான்கு பெண்களும் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். "அறிவு, அறிவு" என்று கத்தினாள் எழில். இத்தனை நாளில் அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததே இல்லை.

அறிவுமதி குனிந்து காலைப் பார்த்தாள். வலது கால் கட்டைவிரல் வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு.

இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது. விசில் கிடையாது. கால் உள்ளே இருந்ததா, கோட்டில் பட்டதா என்று ஆடுபவர்தான் சொல்ல வேண்டும். கோட்டை மிதித்தால் புள்ளி இல்லை, டிஸ்க்கும் எதிரணிக்குப் போய்விடும்.

"நான் டிஸ்க்கைத்தான் பாத்துட்டு இருந்தேன். நீ உள்ளதானே இருந்தே?" என்று கேட்டாள் கீதாஞ்சலி.

எழிலின் கை இன்னும் அறிவுமதியின் தோளில் இருந்தது. அது அப்படியே இருக்கக் கூடாதா என்று அறிவுமதிக்கு ஆசையாக இருந்தது. 'உள்ளே' என்று ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் இவ்வளவு நேரம் தன்னோடு பேசிக்கொண்டே ஓடியவளின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"கோட்டை மிதிச்சுட்டேன்" என்றாள்.

தோளிலிருந்த கை விலகியது. டிஸ்க் வேலூர் அணிக்குப் போனது. இரண்டே எறிதலில் அவர்கள் புள்ளி எடுத்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கலந்து, தோளில் கைபோட்டு வட்டமாக நிற்பது வழக்கம். அறிவுமதியின் ஒரு பக்கம் கீதாஞ்சலி நின்றாள். இன்னொரு பக்கமும் வேலூர்ப் பெண்தான். வேன் கிளம்பும்போது கீதாஞ்சலி ஜன்னல் வழியாகக் கை ஆட்டினாள். அவளும் போய்விட்டாள்.

மறுநாள் பள்ளியில் அறிவுமதியின் பெஞ்சில் அவளும் அவள் பையும் மட்டும் இருந்தார்கள். பொய் சொல்லியிருந்தால் இந்நேரம் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதற்கே வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

மாலையில் வழக்கம்போலக் காலிமனைக்குப் போனாள். எறிந்தாள், நடந்தாள், எடுத்தாள். திரும்பியபோது செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் எழில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை.

"தினமும் இப்டித்தான் தனியா எறியறியா?" என்று கேட்டாள் எழில்.

"ஆமா."

"கோட்டை ஏன் மிதிச்சே? அதைக் கேக்கத்தான் வந்தேன். நேத்தெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல."

 இதை இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று அறிவுமதிக்குத் தோன்றியது.

"கோட்டுப் பக்கம் நின்னு புடிச்சு எனக்குப் பழக்கமே இல்ல எழில். நீங்க யாரும் எனக்குப் போட்டதே இல்லையே."

  எழில் குவியலிலிருந்து ஓர் உடைந்த செங்கல்லை எடுத்தாள். குனிந்து, மண்ணில் நீளமாக ஒரு கோடு கிழித்தாள். கோணல்மாணலாகத்தான் வந்தது.

"இதுக்கு உள்ள நில்லு. மொதல்ல நீ எனக்குப் போடு" என்று சொல்லிவிட்டுத் தூரப் போய் நின்றாள்.

அறிவுமதி எறிந்தாள். எறிந்த கையோடு, பழக்கதோஷத்தில், எடுத்துவர நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஏய் பஸ், எங்க போறே? ஸ்டாப்பிங் வந்துடுச்சு, நில்லு" என்றாள் எழில், டிஸ்க்கைப் பிடித்தபடி.

அறிவுமதி நின்றாள். டிஸ்க் திரும்பி வந்தது.