கடைசி வரி

காலை 9.40. நீதிபதியின் மேஜைமேல் தீர்ப்பு உறை அரக்கு முத்திரை கலையாமல் கிடந்தது. உள்ளே இருந்த சங்கதி மட்டும் ஊர் சுற்றிவிட்டதாம்.

கப்பல் சரக்கின்மீது மத்திய அரசு விதித்த மூன்று வரிகள் செல்லுமா என்பது வழக்கு. பத்தரைக்குத் தீர்ப்பு. ‘கடைசி வரி ரத்து’ என்று யாரோ கசியவிட, சந்தை திறந்ததுமே கப்பல் கம்பெனியின் பங்கு கிடுகிடுவென்று ஏறியது.

“நேத்து சாயங்காலம் உள்ள இருந்தது ஐயாவும் டைப் அடிச்ச இவங்களும்தான்,” என்று சுருக்கெழுத்தாளரைக் கைகாட்டினார் நீதிபதியின் உதவியாளர். “வெளி அறையில நான் மட்டும்தான். காகிதத்தைக் கண்ணால கூடப் பாக்கல.”

இந்த முந்திரிக்கொட்டைத்தனம் விசாரிக்க வந்த பெண் போலீஸ் ஆய்வாளருக்குப் பிடிக்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்கள்மேல் அவருக்கு எப்போதும் ஒரு கண்.

சுருக்கெழுத்தாளர் அழுதுகொண்டிருந்தார். பத்தரைக்குள் ஆள் சிக்காவிட்டால் அவருடைய பதினெட்டு வருஷ வேலை போய்விடும்.

“தீர்ப்புல எத்தனை திருத்தம்மா?” என்று அவரிடம் கேட்டார் ஆய்வாளர்.

“ஒண்ணே ஒண்ணு மேடம். முடிவுல ரெண்டு பக்க வக்கீலுக்கும் நன்றி சொல்லியிருந்தார். அப்புறம் வேண்டாம்னுட்டார்.”

“வெளிய யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“புருஷன்கிட்ட கூட இல்ல.”

10.05. ஆய்வாளர் கேட்டுக்கொண்டபடி நீதிபதி உறையைப் பிரித்தார். மூன்று வரிகளும் செல்லும் என்றிருந்தது. ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“வேணும்னே மாத்திச் சொல்லியிருக்காங்க!” என்றார் உதவியாளர்.

“ஐயா, அந்த நன்றியை எடுக்க என்ன வார்த்தை சொன்னீங்க?”

நீதிபதி யோசித்தார். “‘கடைசி வரி வேண்டாம், அடிச்சிடுங்க’ன்னேன்.”

ஆய்வாளர் உதவியாளர் பக்கம் திரும்பினார்.

“காகிதம் கையில இருந்தவங்களுக்கு அது எந்த வரின்னு தெரியும்,” என்றார் ஆய்வாளர். “காகிதத்தைப் பாக்காம கதவுல காதை வச்சவருக்குத்தான் அது கப்பல் வரி. காதால கேட்டதும் பொய்னு சும்மாவா சொன்னாங்க? வெளி அறையில யாருன்னு நீங்களே சொல்லிட்டீங்க சார்.”

உதவியாளர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “ஐயோ, என் மச்சான் வீட்டை அடமானம் வச்சு அந்தப் பங்கை வாங்கிட்டானே!”

10.30. சுருக்கெழுத்தாளர் முகம் கழுவி, நோட்டோடு நீதிமன்றத்துக்குள் போனார். நீதிபதி வாசிக்க ஆரம்பித்தார்.

“மச்சானுக்கு ஒரே ஒரு போன் பண்ணிக்கட்டுமா மேடம்?”

“ஐயா படிச்சு முடிக்கட்டும்,” என்றார் ஆய்வாளர். “கடைசி வரி வரைக்கும்.”