சிரிக்கக் கூடாத தலைவர்

"டெக்சஸ்!" என்று தம்பி இளமாறன் கத்தியபோதே வம்பு ஆரம்பித்துவிட்டது.

அது 1998 கோடை விடுமுறை. டெக்சஸ் மாநிலத்தின் பிளானோவிலிருந்து கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவைச் சுற்றிப் பார்க்க வந்த யாமினியின் குடும்பம், அன்று மாலை ஒரு மாவோரி விழாவுக்குப் போயிருந்தது. நியூசிலாந்திலிருந்து வந்த அந்தப் பழங்குடிக் குழுவினர் ஆடிப் பாடி, மண்ணுக்குள் புதைத்து வேகவைத்த விருந்தும் தரப்போகிறார்கள்.

"உங்களில் ரொம்பத் தொலைவிலிருந்து வந்தவர் யார்? அவர்தான் இன்று விருந்தினர்களின் தலைவர்" என்று குழுவின் தலைவி சொன்னார். உடனே இளமாறன் கத்தினான். அப்பா தலைவராகிவிட்டார்.

தலைவி விளக்கினார்: "எங்கள் வீரர் நாக்கை நீட்டி, ஈட்டியைச் சுழற்றிக்கொண்டு வருவார். கீழே ஓர் இலையை வைப்பார். அவர் கண்ணைப் பார்த்தபடியே அதை எடுத்தால், நண்பராக வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆனால் சிரிப்பது அவமரியாதை."

அப்பாவின் முகம் வெளிறியது. பெயர்தான் சேனாபதி. பயம் வந்தால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். கிரீன் கார்டு இன்டர்வியூவிலேயே சிரித்தவர்!

"என்னால முடியாதும்மா. வேற யாரையாவது போகச் சொல்லலாம்."

"நோ அப்பா. நீங்க சிரிக்க மாட்டீங்க. நான் விட மாட்டேன்."

யாமினி நேராகத் தலைவியிடம் போனாள். "நானும் அப்பாகூட நடக்கலாமா? மெதுவாகப் பேசிக்கொண்டே?"

"நீயும் சிரிக்காமல் இருந்தால் சரி."

வீரர் பாய்ந்து வந்தார். கண்கள் உருண்டன. நாக்கு மோவாயைத் தொட்டது. அப்பாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது.

யாமினி பல்லைக் கடித்துக்கொண்டாள். "அப்பா, பதினேழு இன்டு எட்டு?"

அப்பா இன்ஜினியர். கணக்கு என்றால் மற்றதெல்லாம் மறந்துவிடும். புருவம் சுருங்கியது. "நூத்தி முப்பத்தாறு."

"பத்தொன்பது இன்டு ஏழு?"

"நூத்தி முப்பத்திமூணு."

ஈட்டி மூக்கருகே விர்ரென்று சுழன்றது.

"இருபத்திமூணு இன்டு பதினாலு?"

அப்பா யோசித்தபடியே குனிந்தார். கண்ணை மட்டும் விலக்கவில்லை. இலையோடு நிமிர்ந்தபோது அவர் முகம் கற்சிலைபோல் இருந்தது. அரங்கமே கைதட்டியது.

வீரர் ஈட்டியைத் தாழ்த்தினார். மூக்கோடு மூக்கு வைத்து வரவேற்க அவர் நெருங்கியதும், அப்பா விலகி மகளை முன்னால் நிறுத்தினார்.

"முதலில் இவளுக்கு. இன்று தலைவர் இவள்தான்."

வீரர் குனிந்தார். யாமினி எம்பி நின்றாள். நெற்றியும் மூக்கும் மெல்லத் தொட்டுக்கொண்டன. அவ்வளவு பயங்கரமான முகம், கிட்டத்தில் எவ்வளவு சாந்தமாக இருந்தது!

"அப்படியென்றால் முதல் தட்டும் இந்தக் குட்டித் தலைவிக்குத்தான்" என்றார் அவர்.

ஆவி பறக்கும் விருந்தின் முன் நூறு பேர் காத்திருக்க, யாமினி ஆற அமரப் பார்த்து, இருப்பதிலேயே பெரிய சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்துக்கொண்டாள்.