கண்ணாடிக்குள் ஒரு கடல்

எங்கள் அப்பாவின் முடிதிருத்தும் கடையில் ஒரு கடல் இருந்தது.

நிஜக் கடல் இல்லை, பிளேடு கம்பெனிக்காரர்கள் கொடுத்த காலண்டர் கடல். நீலத் தண்ணீர், வெள்ளை ஓட்டல், மஞ்சள் படகு, படகின் நிழலில் தூங்கும் ஒரு நாய். காலண்டருக்கு வயது ஐந்து. தேதித் தாள்கள் எல்லாம் போன பிறகும் படத்தை மட்டும் அப்பா கழற்றவில்லை.

"ஷேவ் பண்ணும்போது பாக்குறதுக்கு ஏதாவது இருக்கணும். இல்லன்னா தலைய ஆட்டிடுவாங்க" என்பார்.

அதனால் அதைப் பின்சுவரில் மாட்டியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே கண்ணாடியில் கடல் தெரியும். அப்பாவும் நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்துத்தான் வேலை செய்வார். பள்ளி விட்டதும் அந்த நாற்காலியில் ஏறி வீட்டுப்பாடம் எழுதும் நானும் அப்படியேதான் பார்ப்பேன். ஷேவிங் நுரையின் வாசனை வந்தால் இன்றும் எனக்கு அந்தக் கடல்தான் ஞாபகம் வருகிறது.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பா சத்தமாகப் படித்தார்.

"சென்ற மாதம் திறக்கப்பட்ட எங்கள் புத்தம்புதுக் கடற்கரை ஓட்டலில் மூன்று நாள் தங்க உங்கள் குடும்பம் தேர்வாகியுள்ளது. எல்லாமே இலவசம்."

"நாம எந்தப் போட்டிக்கும் பேரு குடுக்கலையே" என்றார் அம்மா.

"அதிர்ஷ்டம்னா அப்படித்தான் வரும்" என்றார் அப்பா.

அம்மா கடலைப் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில் அப்பா கூட்டிப்போவதாகச் சொன்னாராம். அந்தப் பேச்சு பன்னிரண்டு வருடமாகக் கிடப்பில் கிடந்தது.

கடைசி வரியை அப்பா கொஞ்சம் மெதுவாகப் படித்தார். முன்பதிவுக் கட்டணத்தை மறுநாள் மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டுமாம். கடைக்குப் புது நாற்காலி வாங்க அவர் ஒரு வருடமாகச் சேர்த்த பணம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பழைய நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு ஒரு கிருதா ஏறியும் இன்னொன்று இறங்கியும் இருக்கும்.

"நாற்காலி எங்கயும் ஓடிடாது" என்றார் அப்பா. தம்பி அதற்குள் வாளியும் துண்டுமாக வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

கடிதத்தில் ஓட்டலின் படம் இருந்தது. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது, ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை.

மறுநாள், பணம் அனுப்புவதற்காக அப்பா கடிதத்தைக் கடைக்கே கொண்டுவந்திருந்தார். நாற்காலியில் ஆள் இருந்ததால் நான் ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது என் பென்சில் விழுந்து பின்சுவர் வரை உருண்டது. எடுத்து நிமிர்ந்தேன். காலண்டர் என் மூக்குக்கு நேராக இருந்தது. கண்ணாடியில் எப்போதும் வலது பக்கம் நிற்கும் படகு, நேரில் பார்த்தால் இடது பக்கம் நின்றது. கடிதத்திலும் இடது பக்கம்தான்.

சொன்னால் அம்மாவின் கடல் போய்விடும். சொல்லாவிட்டால் நாற்காலிப் பணமும் போய்விடும், கடலும் வராது. மணி நாலு.

நாற்காலியில் இருந்தவர் முகம் நிறைய நுரை. அவர் முன்னால் சொன்னால் அப்பாவுக்குக் கூச்சமாக இருக்கும். அவர் கிளம்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"அப்பா, கண்ணாடியில வேண்டாம். திரும்பி நேரா பாருங்க" என்று கடிதத்தைக் காலண்டர் பக்கத்தில் பிடித்தேன்.

அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதே நாய்" என்றார்.

"போன மாசம் தொறந்த ஓட்டல் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி காலண்டர்ல எப்படிப்பா வரும்?"

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஒருவேளை பழசை இடிச்சுக் கட்டியிருப்பாங்களோ?"

"அப்ப கேட்டுப் பாருங்க. பணத்தை அங்க வந்து நேர்ல தர்றோம்னு சொல்லுங்க."

கடிதத்தில் இருந்த எண்ணுக்குக் கடைத் தொலைபேசியில் அப்பா பேசினார். அதுவரை தேனாக ஒழுகிய குரல், நேரில் என்றதும் கடுகடுத்தது. "அதெல்லாம் முடியாது. ஆறு மணி தாண்டினா வேற குடும்பத்துக்குக் குடுத்துடுவோம்."

"சரிங்க, ஓட்டல் எந்தத் தெருவுல இருக்கு?" என்றார் அப்பா.

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அப்பா ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"அம்மாகிட்ட என்னன்னு சொல்றது, வாலு?"

வாலு நான்தான்.

"கடலைப் பாக்க ஓட்டல் எதுக்குப்பா? பஸ் போகுதே."

அடுத்த விடுமுறை நாளில் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். ஐந்து மணி நேரம். தம்பி வாளியை மடியைவிட்டு இறக்கவே இல்லை.

அம்மா முழங்கால் தண்ணீர் வரை இறங்கினார். பிறகு அப்பா மீது தண்ணீரை வாரி அடித்தார்.

"அஞ்சு மணி நேரத்துல வர்ற எடத்துக்கு பன்னண்டு வருஷமா?"

அம்மா அவ்வளவு சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சில மாதம் கழித்துப் புது நாற்காலியும் வந்தது. காலண்டர் மட்டும் அதே இடத்தில் இருந்தது. யாராவது கண்ணாடியில் அதைப் பார்த்து, "இங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டால், அப்பா கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நிற்பார்.

"நாங்க போனது வேற கடலுங்க. டிக்கெட் நாங்களே வாங்கினோம்."